வயது வரம்பின் வரலாறு: கோட்டை எழுத்தர் முதல் வேலைவாய்ப்பு அட்டை வரை

தமிழ்நாட்டில் அரசுப் பணிக்கான எந்த அறிவிக்கையை எடுத்தாலும், கல்வித் தகுதிக்கு அருகிலேயே வயது வரம்பு என்றொரு பத்தி இருக்கிறது. விண்ணப்பிக்க நினைப்பவர் பெரும்பாலும் முதலில் தேடிப் பார்ப்பதும் அதைத்தான். பணிக்குரிய திறமையை அளக்கத் தேர்வு இருக்கும்போது, அந்தத் தேர்வுக்கு முன்பாகவே ஒருவரை உள்ளே விடுவதா வெளியே நிறுத்துவதா என்று முடிவுசெய்துவிடும் இந்தப் பத்தி எப்போது, எதற்காகத் தோன்றியது என்பது போதிய அளவு பேசப்படாத வரலாறு. கடந்த இருநூறு ஆண்டுகளின் சட்டங்களையும் அரசாணைகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், இந்த வரம்பை வகுத்தவர்கள் வேலைத்திறனை மனத்தில் கொண்டு வகுத்த சந்தர்ப்பங்கள் மிகக் குறைவு என்பதும், யாரைச் சேர்ப்பது, யாருக்கு எத்தனை ஆண்டுகள் ஊதியமும் ஓய்வூதியமும் தருவது என்ற கணக்குகளே அதை ஏற்றியும் இறக்கியும் வந்தன என்பதும் புலப்படும்.

அரசுப் பணிக்கு வயதே தடையாக இல்லாத காலம் ஒன்று இருந்தது. ஆனால் அது இன்றைய பொருளில் சமத்துவமான காலமன்று. கர்ணம், மணியக்காரர், தலையாரி முதலிய கிராமப் பணிகள் குடும்பச் சொத்துப் போலத் தந்தைக்குப் பின் மகனைச் சேர்ந்தன. நில அளவு, சாகுபடிக் கணக்கு, வரி பாக்கி ஆகியவற்றைப் பற்றிய தேர்ச்சியும் வீட்டுத் திண்ணையிலேயே, பழைய சுவடிகளையும் கணக்குப் புத்தகங்களையும் பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்குக் கைவந்தது. 1895ஆம் ஆண்டின் சென்னை மரபுவழிக் கிராமப் பணியிடங்கள் சட்டம் இந்த வழக்கத்துக்கு எழுத்து வடிவம் தந்தபோது, வாரிசு சிறுவனாக இருந்தாலும் அவன் பெயரிலேயே பதவியைப் பதிவுசெய்து, அவன் வயதுக்கு வந்து தகுதி பெறும்வரை வேறொருவரைக் கொண்டு வேலையை நடத்த இடமளித்தது. பிறப்பே தகுதியாக இருந்த அமைப்பில் வயதைப் பற்றிய கேள்வி எழவில்லை. அதே காரணத்தால், கணக்கு வேலையில் எவ்வளவு வல்லவரானாலும் வேறு குடும்பத்தில் பிறந்தவருக்கு எந்த வயதிலும் அங்கே இடமில்லை.

கிழக்கிந்தியக் கம்பெனி இங்கிலாந்திலிருந்து அனுப்பிய ஊழியர்களின் நிலை வேறு. கம்பெனியின் இயக்குநர்கள் தமக்கு வேண்டியவர்களின் பிள்ளைகளை எழுத்தர் என்ற தொடக்க நிலைப் பதவிக்கு நியமித்துக் கப்பலேற்றினார்கள். 1744இல் புனித ஜார்ஜ் கோட்டையில் வந்திறங்கிய ராபர்ட் கிளைவுக்கு அப்போது 18 வயதுதான். இளம் வயதிலேயே ஆளைப் பிடித்து, வேலையில் சேர்த்த பிறகு கற்றுக்கொடுக்கலாம் என்பது கம்பெனியின் கொள்கை. அதன்படியே 1806இல் இங்கிலாந்தில் ஹெய்லிபரிக் கல்லூரியும், 1812இல் கம்பெனி அதிகாரி எல்லிஸின் முயற்சியால் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியும் தோன்றின. இரண்டாவது கல்லூரி, ஆளவந்த இளைஞர்களுக்குத் தமிழ், தெலுங்கு முதலிய மொழிகளைப் பயிற்றுவிக்க ஏற்பட்டது. அவர்களுக்குக் கற்பித்த தமிழ்ப் புலவர்கள் தம் துறையில் முதிர்ந்த அறிஞர்களாயினும், ஆட்சிப் பதவிகளுக்குரிய அந்த ஏணியில் அவர்களுக்குக் கால்வைக்க ஒரு படியும் இல்லை.

1853ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம் இயக்குநர்களின் நியமன உரிமையை ஒழித்துப் போட்டித் தேர்வைக் கொண்டுவந்தது. மறு ஆண்டில் மெக்காலே தலைமையிலான குழு அந்தத் தேர்வின் அமைப்பை வகுத்தது. 1855இல் லண்டனில் முதல் தேர்வு நடந்தது. இந்தியக் குடிமைப் பணி என்னும் ஐ.சி.எஸ். தேர்வின் உச்ச வயது அப்போது 23. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் பட்டம் முடித்தவர்கள் வரவேண்டும் என்ற விருப்பமே அந்த எண்ணுக்குக் காரணம் என்பதால், வயது வரம்பின் முதல் வடிவத்திலேயே அது எந்தக் கல்விக்கூடத்தின் வாயிலைப் பார்த்து வகுக்கப்பட்டது என்பது தெளிவாகிறது. மதிப்பெண்களும் அதே வாயிலைத்தான் பார்த்தன: கிரேக்கத்துக்கும் லத்தீனுக்கும் தலா 750 மதிப்பெண் வைக்கப்பட்டபோது சமஸ்கிருதத்துக்கும் அரபுக்கும் தலா 375 மட்டுமே வைக்கப்பட்டது.

அந்த உச்ச வயது 1859இல் 22 ஆகவும், 1866இல் 21 ஆகவும், 1878இல் 19 ஆகவும் இறங்கியது. இடையில் 1863இல் சத்யேந்திரநாத் தாகூர் தேர்ச்சி பெற்று முதல் இந்தியரானார். 1869இல் ரமேஷ் சந்திர தத்தர், பிகாரிலால் குப்தா, சுரேந்திரநாத் பானர்ஜி, ஸ்ரீபாத் பாபாஜி தாக்கூர் என்று நால்வர் ஒரே ஆண்டில் தேறினர். அந்த ஆண்டில் வயதை முன்வைத்து எழுந்த வழக்கு, இந்த வரலாற்றில் சற்று நின்று பார்க்கத்தக்கது. பானர்ஜி 1848 நவம்பரில் பிறந்தவர். 1863 இறுதியில் கல்கத்தாப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குப் பதிந்தபோது, நம் நாட்டு வழக்கப்படி நடக்கும் ஆண்டைக் கணக்கிட்டுத் தம் வயது 16 என்று எழுதினார். முடிந்த ஆண்டுகளை மட்டும் எண்ணும் ஆங்கிலேய அதிகாரிகள் அந்தப் பதிவைப் பிடித்துக்கொண்டு, அப்படியானால் 1869இல் அவர் 21ஐத் தாண்டிவிட்டார் என்று கூறிப் பட்டியலிலிருந்து அவர் பெயரையும், அவ்வாறே தாக்கூரின் பெயரையும் நீக்கினர். வயதைக் கணக்கிடுவதில் இரு நாட்டு வழக்குகள் வேறு என்பதை எடுத்துக்காட்டி லண்டன் நீதிமன்றத்தை அணுகிய பிறகே இருவரும் மீண்டும் சேர்க்கப்பட்டனர். 1874இல் பானர்ஜி பணிநீக்கம் செய்யப்பட்டபோது, வழக்கறிஞர் தொழிலும் அவருக்கு மறுக்கப்பட்டதால், இருபத்தைந்து வயதைக் கடந்த நிலையில் ஆசிரியத் தொழிலில் வாழ்க்கையைப் புதிதாகத் தொடங்க நேர்ந்தது. பின்னாளில் ரிப்பன் கல்லூரியை நிறுவியவர் அவர்தான்.

உச்ச வயதை 19 ஆக்கியதற்கு இந்தியா அமைச்சர் சாலிஸ்பரி பிரபு தரப்பில் கூறப்பட்ட காரணம், பள்ளி முடித்த இளைஞரை எடுத்துப் பல்கலைக்கழகத்தில் இரண்டாண்டு பயிற்றலாம் என்பது. அதன் விளைவு என்னவென்றால், இந்தியாவில் பிறந்த பிள்ளை பதினாறு, பதினேழு வயதுக்குள் கடல் கடந்து, அந்நிய மொழியில், அந்நியப் பாடங்களில், சொந்த நாட்டில் வளர்ந்த ஆங்கிலச் சிறுவர்களுடன் போட்டியிட வேண்டியதாயிற்று. பின்னாளில் புதுச்சேரியில் வாழ்ந்த அரவிந்தர் 1890இல் அந்தத் தேர்வில் தேறினார் என்றால், ஏழு வயதிலேயே இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு அங்கேயே படித்து வளர்ந்தவர் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். வயதைக் குறைத்ததை எதிர்த்து, 1876இல் தோன்றிய இந்தியச் சங்கத்தின் சார்பில் பானர்ஜி வட இந்தியா முழுவதும் சுற்றிய பின்னர் பம்பாய்க்கும் சென்னைக்கும் வந்து ஆதரவு திரட்டினார். இந்தியா தழுவிய முதல் அரசியல் கிளர்ச்சிகளில் ஒன்று வேலைக்கான வயது வரம்பைப் பற்றியது என்பது வியப்புக்குரிய செய்தியன்று, ஏனெனில் படித்த வகுப்பின் எதிர்காலமே அந்த ஓர் எண்ணில் தங்கியிருந்தது. ஜி. சுப்பிரமணிய ஐயர் முதல் தீர்மானத்தை முன்மொழிந்த 1885ஆம் ஆண்டுக் காங்கிரஸ் மாநாட்டிலேயே, தேர்வை இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும், உச்ச வயதை 23க்குக் குறையாமல் உயர்த்த வேண்டும் என்ற தீர்மானமும் நிறைவேறியது. அரசுப் பணிகளை ஆராய்ந்த ஐச்சிசன் ஆணையத்தின் பரிந்துரைக்குப் பின் 1892இல் வயது மீண்டும் 23 ஆயிற்று. தேர்வு இந்தியாவில் நடக்க 1922 வரை காத்திருக்க நேர்ந்தது.

மேல்நிலைப் பணிகளின் கதை இவ்வாறிருக்க, சென்னை மாகாணத்தின் கச்சேரிகளிலும் அலுவலகங்களிலும் குமாஸ்தா வேலை தேடியவர்களின் வழி வேறாக இருந்தது. வேலையில் இருக்கும் உறவினரின் நிழலில் ஊதியமின்றி எழுத்து வேலை பழகி, இடம் காலியாகும்போது அமர்வது பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவலான வழக்கம். பெரிய மனிதரின் பரிந்துரைக் கடிதமும் கிட்டத்தட்ட அதே பலத்தை உடையதாக இருந்தது. கணித மேதை ராமானுஜனின் வேலை தேடல் இந்த முறைக்கு நன்கு பதிவான சான்று. எஃப்.ஏ. தேர்வில் தேறாத அவர், திருக்கோவிலூரில் துணை ஆட்சியராக இருந்த வி. ராமசாமி ஐயரையும், பின்னர் நெல்லூர் ஆட்சியர் ஆர். ராமச்சந்திர ராவையும் தம் குறிப்பேடுகளுடன் அணுகினார்; சிறிது காலம் தற்காலிகக் குமாஸ்தாவாக மாதம் 20 ரூபாய்க்கு வேலை பார்த்தார்; 1912 மார்ச் 1 முதல் சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் குமாஸ்தா ஆனார். அப்போது அவருக்கு வயது 24. தேர்வு எழுதித் தோற்றவரைத் தனி மனிதரின் கண் அடையாளம் கண்டது என்பது உண்மை. ஆனால் அந்தக் கண்ணின் முன் போய் நிற்கும் வாய்ப்பு அந்நாளில் எத்தனை சாதிகளுக்கு, எத்தனை ஊர்களுக்கு இருந்தது என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டுப் பரிந்துரை முறையைப் புகழ்வது வரலாற்றுக்கு நியாயமாகாது. 1929இல் சென்னை மாகாணம், இந்தியாவின் மற்ற மாகாணங்களுக்கு முன்னோடியாகத் தனிச் சட்டத்தின்மூலம் பணியாளர் தேர்வாணையத்தை நிறுவியதன் பின்னணி இதுவே.

தேர்வாணையத்துக்கு வயதைச் சரிபார்க்க ஆவணம் வேண்டும். பிறப்பைப் பதிவதற்குச் சென்னை மாகாணத்தில் 1899இலேயே சட்டம் இருந்தும், கிராமங்களில் பிறந்த பலருக்குச் சான்று இல்லை. எனவே பள்ளி இறுதி வகுப்பின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் உள்ள பிறந்த தேதியே வாழ்நாள் முழுவதற்கும் அதிகாரபூர்வ வயதாயிற்று. அந்தத் தேதியோ, வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொட முடிகிறதா என்று பார்த்துப் பிள்ளையைச் சேர்த்துக்கொண்ட தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியர், பள்ளி திறக்கும் ஜூன் மாதத்தை ஒட்டி எழுதிய ஒரு தேதியாக இருப்பது மிகச் சாதாரணம். பின்னாளில் அரசு ஊழியர் அதைத் திருத்த விரும்பினால், பணியில் சேர்ந்த ஐந்தாண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று விதி ஏற்பட்டது. ஒரு தலைமுறை முழுவதற்கும், வேலைக்குள் நுழையும் நாளையும் வேலையிலிருந்து வெளியேறும் நாளையும் இப்படிக் குத்துமதிப்பாக எழுதப்பட்ட ஒரு வரியே தீர்மானித்தது.

இரண்டாம் உலகப் போரின் முடிவு வேறொரு சிக்கலைக் கொண்டுவந்தது. இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டிருந்த இந்தியப் படை கலைக்கப்படத் தொடங்கியபோது, லாரி ஓட்டவும், இயந்திரம் பழுதுபார்க்கவும், கம்பியில்லாத் தந்தியை இயக்கவும் பழகிய இளைஞர்கள், கையில் பள்ளிச் சான்றிதழ் எதுவுமின்றிக் குடிவாழ்வுக்குத் திரும்பினர். அவர்களுக்காகவே 1945 ஜூலையில் மறுவாழ்வு, வேலைவாய்ப்புத் தலைமை இயக்ககம் நிறுவப்பட்டது. பிரிவினையின்போது அகதிகளுக்கும், 1948 தொடக்கத்தில் எல்லாக் குடிமக்களுக்கும் அதன் கதவு திறந்தது. படையில் கற்ற திறமை வெளியுலகில் எந்த வேலைக்கு ஈடு என்று கண்டறிவது இதன் முதற்கடமையாக இருந்ததால், ஒவ்வொரு தொழிலுக்கும் எண் கொடுத்து வகைப்படுத்தும் தொழிற்பட்டியல் உருவாயிற்று. சான்றிதழைக் காட்டிலும் செய்யத் தெரிந்த வேலைக்கு மதிப்பளித்த அந்தத் தொடக்க நோக்கம் நீடித்திருந்தால், இந்திய வேலைவாய்ப்பின் போக்கே வேறாக இருந்திருக்கும்.

சிவராவ் குழுவின் பரிந்துரைப்படி 1956 நவம்பர் 1 முதல் இந்த இயக்ககத்தின் கீழிருந்த வேலைவாய்ப்பு அலுவலகங்களின் அன்றாட நிர்வாகம் மாநிலங்களுக்கு வந்தது. 1959இல் இயற்றப்பட்டு மறு ஆண்டு நடைமுறைக்கு வந்த காலிப்பணியிடங்களைக் கட்டாயமாகத் தெரிவிக்கும் சட்டம், பொதுத்துறை நிறுவனங்களும், 25 பேருக்குக் குறையாமல் பணியாற்றும் தனியார் நிறுவனங்களும் காலியிடங்களை இந்த அலுவலகங்களுக்கு அறிவிக்க வேண்டும் என்றது; அறிவித்தவர்கள் அங்கிருந்தே ஆளெடுக்க வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை. ஆகவே தனியார் விலகிக்கொள்ள, அரசு அலுவலகங்களே இந்த வாயிலின் பெரும் பயனாளிகளாயின. ஒரே தகுதியுள்ள ஆயிரம் பேரில் யாரை அனுப்புவது என்ற கேள்விக்குப் பதிவு மூப்பு, அதாவது முதலில் பதிந்தவருக்கு முதலிடம் என்பது விடையாயிற்று. முன்னுரிமைப் பட்டியலில் ஆதரவற்ற விதவையர், முன்னாள் படைவீரர், கலப்பு மணம் புரிந்தோர் முதலியோர் இடம்பெற்றனர். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்தும், அதற்கு முன்னரே பர்மாவிலிருந்தும் தாயகம் திரும்பிய தமிழர்களுக்கு அரசுப் பணிகளில் வயதுச் சலுகையும் கிடைத்தது. உச்ச வயது மாற்ற முடியாத ஒன்றல்ல, அரசு விரும்பினால் வளையும் என்பதை அந்தச் சலுகையே காட்டியது.

பதிவு மூப்பு முறை வயதின் பொருளைத் தலைகீழாக்கிற்று. போட்டித் தேர்வில் வயது ஏற ஏற வாய்ப்பு குறைய, இங்கே பதிவு அட்டை பழையதாக ஆகத்தான் அழைப்பு நெருங்கியது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் கைக்கு வந்த வாரத்திலேயே பிள்ளைகளை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு அழைத்துச் சென்று பதியவைப்பது தமிழ்க் குடும்பங்களின் வழக்கமாயிற்று. மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கத் தவறினால் மூப்பு போய்விடும் என்ற அச்சம் சென்னையில் சாந்தோம் அலுவலகத்தின் முன்னும் மாவட்டத் தலைநகர்களிலும் நீண்ட வரிசைகளை உண்டாக்கியது. இருபத்திரண்டு வயதில் ஆசிரியர் பயிற்சி முடித்துப் பதிந்தவர் நாற்பதைத் தொட்டபின் பணி ஆணை பெறுவது அரிதன்று. இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் தனியார் பள்ளியில் கற்பித்தாரா, மளிகைக் கடையில் கணக்கெழுதினாரா, கற்றதை மறந்தாரா என்பதை அந்த அட்டை கேட்கவில்லை. காத்திருந்ததற்கு மரியாதை தந்தது என்ற அளவில் இம்முறையில் ஒரு நேர்மை உண்டு. செல்வாக்கில்லாத வீட்டுப் பிள்ளையும் தன் வரிசை வரும் என்று நம்ப முடிந்தது. ஆனால் திறமையை அளக்கும் பொறுப்பை அது முற்றிலும் கைவிட்டது.

1996இல் உச்ச நீதிமன்றம், வேலைவாய்ப்பு அலுவலகம் அனுப்பும் பெயர்களோடு நில்லாமல் நாளிதழ்களிலும் விளம்பரம் செய்து எல்லாரையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்று தீர்ப்பளித்த பின், மூப்பின் பலம் படிப்படியாகக் குறைந்தது. தமிழ்நாட்டில் ஆசிரியர் தகுதித் தேர்வு 2012இல் வந்தபோது, இருபதாண்டு காத்திருந்த அட்டைகள் ஏறத்தாழ ஒரே நாளில் மதிப்பிழந்தன. அதைத் தொடர்ந்து, தகுதித் தேர்வுக்கு 60, பள்ளி, கல்லூரி, பயிற்சி மதிப்பெண்களுக்கு 40 என்று வகுத்த முறை மூத்த தேர்வர்களுக்கு இன்னொரு அநீதியைச் செய்தது: மதிப்பெண்களைச் சிக்கனமாக வழங்கிய எண்பதுகளில் படித்தவரையும், தாராளமாக வழங்கிய பிற்காலத்தில் படித்தவரையும் அது ஒரே தட்டில் நிறுத்தது. கடும் எதிர்ப்புக்குப் பின் 2018இல் அம்முறை கைவிடப்பட்டுத் தனிப் போட்டித் தேர்வு அறிவிக்கப்பட்டது. அதற்கடுத்து 2020இல், அதுவரை ஏறத்தாழ ஓய்வு வயது வரை திறந்திருந்த ஆசிரியப் பணிக்குப் பொதுப் பிரிவில் 40, மற்ற பிரிவுகளில் 45 என்று உச்ச வயது விதிக்கப்பட்டது. 2021இல் அது தற்காலிகமாக 45, 50 என்றும், 2023இல் 53, 58 என்றும் உயர்ந்தது. நான்கு ஆண்டுகளுக்குள் மூன்று எண்கள் மாறியிருக்கின்றன. வகுப்பறையில் கற்பிக்க ஒருவருக்குள்ள ஆற்றல் அந்த நான்கு ஆண்டுகளில் மூன்று முறை மாறவில்லை.

இளநிலை உதவியாளர், தட்டச்சர் போன்ற பதவிகளுக்குப் பொதுப் பிரிவின் உச்ச வயது நெடுங்காலம் 30 ஆக இருந்து, கொரோனாக் காலத்தில் தேர்வுகள் தடைபட்டதால் 2021இல் 32 ஆயிற்று. 2001 இறுதியில் தொடங்கி 2006 தொடக்கம் வரை நீடித்த பணிநியமனத் தடையின்போதும் ஒரு தலைமுறை இவ்வாறே வரம்பைத் தாண்டிப் போனதால், பிறகு ஐந்தாண்டுச் சலுகை தரப்பட்டது. இதே பதவிகளுக்கு, பின்தங்கிய, பட்டியல் வகுப்பினர் குறைந்தபட்சக் கல்வியைவிட உயர்ந்த தகுதி பெற்றிருந்தால் உச்ச வயதே இல்லை என்ற விதி தமிழ்நாட்டில் உண்டு. ஐம்பதைக் கடந்தவரும் எழுதித் தேறிப் பணியில் அமர்வதற்கு வழிசெய்த இந்த விதி, முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலர் பிழைப்புக்காக இருபதுகளைச் செலவிட்ட பிறகே படிப்பை முடிக்கிறார்கள் என்ற உண்மையை அறிந்து வகுக்கப்பட்டது. இருநூறு ஆண்டு வரலாற்றில் வயதைப் பற்றி எடுக்கப்பட்ட மிகச் சிறந்த முடிவுகளில் அதுவும் ஒன்று.

வெளியேறும் வயதின் கதையும் இதற்கு மாறானதன்று. 1922இன் அடிப்படை விதிகள் ஓய்வு வயதை 55 என்று வைத்தன. மத்திய அரசு அதை 1962 டிசம்பரில் 58 ஆகவும் 1998 மே மாதத்தில் 60 ஆகவும் உயர்த்தியது. ஆந்திரத்தில் என்.டி. ராமராவின் அரசு 1983இல் இளைஞர்களுக்கு இடம் தருவதாகக் கூறி 58ஐ 55 ஆகக் குறைத்தபோது ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வெளியேறினர். அது செல்லும் என்று 1985 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது, ஆனால் அதற்கு முன்பே 1984இல் வயது மீண்டும் 58 ஆக்கப்பட்டிருந்தது. தமிழ்நாட்டில் 2020 மே மாதத்தில் 59 என்றும், 2021 பிப்ரவரியில் 60 என்றும் உயர்ந்ததால், பெருந்தொற்றுக்கால நிதி நெருக்கடியில் ஓய்வுக்காலப் பலன்களை உடனே வழங்கும் சுமை தள்ளிப்போயிற்று. வேலை தேடும் இளைஞர்களுக்குரிய காலியிடங்களும் அத்துடன் தள்ளிப்போயின. இந்தியரின் சராசரி ஆயுள் 1970–75இல் ஐம்பதுக்குச் சற்றுக் குறைவாக இருந்து 2014–18இல் 69ஐக் கடந்திருக்கிறது என்பதால் உயர்வுக்கு நியாயம் உண்டு. ஆனால் முடிவு எடுக்கப்பட்ட நேரத்தைத் தீர்மானித்தது கருவூலம்தான்.

வயது வரம்பை ஆதரிப்போர் பொதுவாகக் கூறும் வலுவான காரணம், முழு ஓய்வூதியத்துக்கு நீண்ட பணிக்காலம் தேவை, தாமதமாகச் சேர்பவர் குறைந்த காலம் உழைத்து நெடுங்காலம் ஓய்வூதியம் பெறுவார் என்பது. 2003 ஏப்ரல் முதல் தமிழ்நாட்டில் சேர்ந்தவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதிய முறை வந்தபோது, ஊழியர் செலுத்திய அளவுக்கே பயன் என்றானதால் அந்தக் காரணத்தின் பலம் பெரும்பகுதி போயிற்று. வரம்பு மட்டும் அப்படியே நின்றது. காவல், தீயணைப்பு போன்ற உடல்வலுவைச் சார்ந்த பணிகளுக்கு வரம்பு வேண்டும் என்பதை யாரும் மறுக்கமாட்டார்கள். கோப்பு எழுதவும், கணக்கைச் சரிபார்க்கவும், நூலகத்தை நடத்தவும் முப்பத்திரண்டு வயதுக்காரரைக் காட்டிலும் நாற்பத்தைந்து வயதுக்காரர் தகுதி குறைந்தவர் என்பதற்கு இதுவரை எந்த அரசாணையும் காரணம் காட்டியதில்லை.

அமெரிக்காவில் 1967ஆம் ஆண்டுச் சட்டம் நாற்பது வயதைக் கடந்தவர்களை வேலையில் வயதுப் பாகுபாட்டிலிருந்து காக்கிறது. இந்திய அரசமைப்பின் 16ஆம் பிரிவு, அரசுப் பணியில் மதம், இனம், சாதி, பால், மரபுவழி, பிறந்த இடம், வசிப்பிடம் ஆகியவற்றை மட்டும் காரணமாக வைத்து யாரையும் விலக்கக்கூடாது என்கிறது. மரபுவழி என்ற ஒரு சொல்லின் பலத்தால்தான் பரம்பரைக் கிராமப் பதவிகள் செல்லாதவையாயின, தமிழ்நாட்டில் 1980இல் கர்ணங்களின் இடத்துக்குத் தேர்வெழுதி வரும் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தனர். வயது அந்தப் பட்டியலில் சேர்க்கப்படவில்லை. அரசமைப்பைத் திருத்தும்வரை காத்திருக்கத் தேவையில்லை: ஒவ்வொரு பதவிக்கும் உச்ச வயது விதிக்கும் அரசு, அந்த எண்ணுக்கு அந்தப் பதவியின் வேலையிலிருந்தே எழும் காரணத்தை அறிவிக்கையிலேயே எழுத வேண்டும், எழுத முடியாத பதவிகளில் அந்தப் பத்தியை நீக்க வேண்டும்.